ஆட்டமும் நாற்றமும்: வீடு மாறிய வாஷிங் மெஷினுக்கு எடுத்த ரீ-இன்ஸ்டலேஷன் சேவை எப்படி?

வீடு மாறுகிறவர்களுக்காக வாஷிங் மெஷின் கம்பெனிகள் ‘ரீ-இன்ஸ்டலேஷன்’ என்ற பெயரில் ஒரு கட்டணச் சேவையை வைத்திருக்கின்றன. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துப் புது முகவரியைச் சொன்னால், ஒருவர் வந்து தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் மாட்டி, ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார். திருச்சியிலிருந்து சென்னை மேடவாக்கத்துக்குக் குடிபெயர்ந்தபோது நானும் இந்தச் சேவையை எடுத்தேன். கட்டணம் ஜி.எஸ்.டி. உட்பட 700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் இரண்டுதான் தருவேன். அந்த இரண்டும் வந்தவர் சொன்ன நேரத்துக்கு வந்ததற்கும், வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுத்ததற்கும். கம்பெனியின் பெயரை எழுதவில்லை. வெவ்வேறு கம்பெனி மெஷின்களை வைத்திருக்கும் உறவினர் வீடுகளிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது என்பதால், குறை ஒரு கம்பெனியுடையது அன்று, இந்தச் சேவை வகுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் மெஷினைச் சொல்லிவிடுகிறேன். 7 கிலோ கொள்ளளவு கொண்ட முன்கதவு மெஷின். வெந்நீர் வசதி உண்டு. ஸ்பின் வேகம் நிமிடத்துக்கு 1,200 சுற்று. திருச்சியில் தரைத்தள வீட்டில், காவிரித் தண்ணீரில், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் இரண்டாம் மாடிக்கு ஏறியதும் மூன்று தொல்லைகள் ஒரே நேரத்தில் தொடங்கின. ஸ்பின் வேகம் ஏறும்போது உள்ளேயிருந்து ‘டம் டம்’ என்று இடிக்கும் சத்தம் எழுந்து, மெஷின் இருந்த இடத்தை விட்டு ஒரு சாண் நகர்ந்தது. காலையில் கதவைத் திறந்தால் சாக்கடை வாடை அடித்தது. துவைத்து உலர்ந்த துண்டிலோ அதற்குத் தொடர்பில்லாத வேறொரு புழுங்கிய வாடை இருந்தது. இவை மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருந்தன என்பதும், சேவைக்கு வந்தவர் ஆட்டத்துக்கு ஸ்டாண்டையும் வாடைக்கெல்லாம் ஒரே பவுடர் பாக்கெட்டையும் மருந்தாகச் சொல்லிவிட்டுப் போனார் என்பதும்தான் இந்த மதிப்புரையின் சாரம்.

முன்கதவு மெஷினைப் ஃபிரிட்ஜைத் தூக்குவதுபோல் தூக்கி வண்டியில் ஏற்ற முடியாது என்பதைப் பலர் அறிவதில்லை. அதன் உள்ளே இருக்கும் தொட்டி, வெளிக்கூட்டோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டதன்று. மேலே ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டு, கீழே அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்களில் ஊன்றி நிற்கிறது. ஸ்பின் ஓடும்போது தொட்டி அளவுக்கு மீறி ஆடாமல் இருப்பதற்காகவே அதன் மீது கனமான கான்கிரீட் கட்டிகளைப் பூட்டியிருப்பார்கள். 7 கிலோ துணி கொள்ளும் மெஷின் 60, 70 கிலோ கனப்பதற்கு அந்தக் கட்டிகளும் முக்கியக் காரணம். இத்தனை எடையும் ஓடும் லாரியில், ஒவ்வொரு வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும், வெறும் ஸ்பிரிங்கில் ஊஞ்சலாடிக்கொண்டே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் கம்பெனியே டிரான்சிட் போல்ட் என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. மெஷினின் முதுகுப் பக்கத் தகட்டின் வழியாகத் தொட்டிக்குள் போகும் நீண்ட போல்ட்டுகள் அவை. மாடலைப் பொறுத்து மூன்றோ நான்கோ இருக்கும். பயணத்தின்போது அவை தொட்டியை ஆடவிடாமல் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அவற்றைக் கழற்றிவிட்டுத் துளைகளைப் பிளாஸ்டிக் மூடிகளால் அடைத்து, போல்ட்டுகளைப் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். கழற்றாமலே ஓட்டினால் மெஷின் வெறிகொண்டது போலக் குதிக்கும். போடாமலே பயணம் செய்தால் உள்ளே எது வேண்டுமானாலும் கழன்றுகொள்ளும்.

‘பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும்’ என்று கையேட்டில் அச்சடித்திருக்கிறது. நடைமுறையில், மெஷினைப் புதிதாக மாட்ட வரும் ஆள் போல்ட்டுகளைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்திருக்கிறது. மெஷினோடு வந்த பையில் கையேடும் உத்தரவாத அட்டையும் பிளாஸ்டிக் மூடிகளின் உறையும் இருந்தனவே தவிரப் போல்ட்டுகள் இல்லை. வீடு மாறுவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேட்டபோது, உதிரி பாகமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் கையிருப்பில் இல்லை, வரவழைக்க வேண்டும், வருவதற்குள் வீட்டைக் காலி செய்யும் தேதி வந்துவிட்டது. பேக்கர்ஸ் ஆட்கள் மேல்மூடியைத் திறந்து, தொட்டிக்கும் கூட்டுக்கும் இடையே ஸ்பாஞ்சுத் துண்டுகளைத் திணித்து, நிமிர்ந்த நிலையிலேயே ஏற்றினார்கள். போல்ட் இல்லாத நிலையில் அதைவிட மேலாக அவர்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதால் அவர்கள்மீது எனக்கு மனக்குறை கிடையாது. ஆனால் 320 கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்கு ஸ்பாஞ்சு போதாது.

இதையெல்லாம் சேவைக்கு வந்த இளைஞரிடம் முதலிலேயே சொன்னேன். போல்ட் இல்லாமல் வந்த மெஷின் என்று தெரிந்தவுடன் அவர் செய்திருக்க வேண்டிய முதல் வேலை, உள்ளே ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் அவற்றின் இடத்தில் இருக்கின்றனவா என்று திறந்து பார்ப்பது. அவர் அதைச் செய்யவில்லை. குழாய்களை மாட்டினார், வெறும் மெஷினைச் சில நிமிடங்கள் ஓட்டினார், தொட்டிக்குள்ளே துணியோடு சுற்ற வேண்டிய டிரம், துணி இல்லாமல் அமைதியாகச் சுற்றியதைக் காட்டிச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். துணி போட்டு ஸ்பின் ஓட்டிக் காட்டுமாறு நான் கேட்டபோதுதான் ஆட்டம் வெளிப்பட்டது. “தரை கோணலா இருக்கு மேடம், ஸ்டாண்டு போட்டா சரியாயிடும்” என்றார். சக்கரம் வைத்த ஸ்டாண்டு 1,500 ரூபாய், நான்கு கால்களுக்கும் ரப்பர் குமிழ் 400 ரூபாய், பவுடர் பாக்கெட்டுகள் தனி என்று விலைப்பட்டியல் தயாராகவே இருந்தது.

தரை கோணல் என்று அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் மெஷின் வைக்கும் யூட்டிலிட்டிப் பகுதியில் தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் வாட்டம் விட்டுத்தான் தரை போட்டிருப்பார். எங்கள் மெஷினின் மேற்பலகையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது குமிழி ஓரமாகத்தான் ஒதுங்கி நின்றது. ஆனால் வாட்டமான தரைக்கு மருந்து ஸ்டாண்டு அன்று. மெஷினின் நான்கு கால்களும் திருகி உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியவை. அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். எந்தக் கால் தரையைத் தொடாமல் நிற்கிறது என்பதை, எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்தக் காலை ஸ்பேனரால் இறக்கி, ரசமட்டத்தைப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் வைத்துச் சரிபார்த்து, கடைசியில் ஒவ்வொரு காலிலும் உள்ள லாக் நட்டை மேல்நோக்கித் திருகி மெஷினின் அடித்தகட்டோடு இறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். நட்டு இறுகாத கால், ஓடுகிற அதிர்விலேயே மெல்ல மெல்லத் திருகிக்கொண்டு பழைய கோணலுக்குப் போய்விடும். வந்தவர் கால்களைக் கையால் திருகியதோடு சரி, ஸ்பேனரை வெளியே எடுக்கவே இல்லை.

சக்கர ஸ்டாண்டைப் பற்றி என் கருத்து கடுமையானது. மேல்கதவு மெஷினுக்கு, அடியில் கூட்டிப் பெருக்க வசதியாக, அது பயன்படலாம். நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும் முன்கதவு மெஷினைச் சக்கரங்களின் மேல் ஏற்றுவது, இருக்கிற ஆட்டத்தோடு இன்னொரு ஆட்டத்தைச் சேர்ப்பதாகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 48 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் அந்த வேகத்தில் சுற்றும்போது, அதன் சுவரில் ஒட்டியிருக்கும் துணியின் மீது புவியீர்ப்பு விசையைப்போல் ஏறத்தாழ 390 மடங்கு விசை செயல்படுகிறது. ஈரமான துண்டு ஒன்று ஒரு பக்கமாகச் சுருண்டு அரைக் கிலோ எடை கூடுதலாகிவிட்டால், அந்த அரைக் கிலோ 190 கிலோ எடைக்குச் சமமான இழுப்பாக மாறுகிறது. அந்த இழுப்பைத் தொட்டியின் எடையும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து விழுங்க வேண்டும். அவை விழுங்காத மிச்சத்தைத் தரை தாங்க வேண்டும். ரப்பர் குமிழ்கள் வழுக்கும் டைல்ஸில் மெஷின் நகர்வதைத் தடுக்கும், கீழ்வீட்டுக்குப் போகும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் உள்ளே கழன்றுபோன ஒன்றை அவற்றால் மாட்டிவிட முடியாது.

நான் ஸ்டாண்டையும் குமிழ்களையும் மறுத்துவிட்டு, பவுடரை மட்டும் வாங்கிக்கொண்டு, பகுதியிலேயே கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்தேன். வயதில் மூத்தவர், வந்ததும் மெஷினை ஓட்டச் சொல்லவில்லை. கதவைத் திறந்து இரண்டு கைகளாலும் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். டிரம் மட்டும் தனியாக ‘கட கட’ என்று மேலும் கீழும் அசைந்தால் பேரிங்கோ, டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கைக் கவையோ போய்விட்டது என்று பொருள். டிரம்மும் தொட்டியும் சேர்ந்தே அசைந்தால் அவை நன்றாக இருக்கின்றன. எங்கள் மெஷினில் சேர்ந்தே அசைந்தன. அடுத்துத் தொட்டியைக் கீழே அழுத்தி விட்டார். நல்ல நிலையில் உள்ள ஷாக் அப்சார்பர்கள் இருந்தால் தொட்டி மேலே வந்து உடனே அடங்கிவிட வேண்டும். எங்கள் தொட்டியோ ஒரு பக்கமாகச் சாய்ந்து, பலமுறை துள்ளி, பிறகுதான் அடங்கியது. “மெஷின் மேல குத்தமில்லம்மா, தூக்கிட்டு வந்த வழியில எதோ கழண்டிருக்கு” என்றபடி மெஷினைச் சாய்த்து அடிப்பக்கத்தை டார்ச் அடித்துக் காட்டினார். வலப்பக்க ஷாக் அப்சார்பர் தொட்டியை விட்டுக் கழன்று, ஒரு முனை மட்டும் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. அதைத் தொட்டியோடு கோத்திருந்த விரலளவுப் பிளாஸ்டிக் பின், முனை உடைந்து, அடித்தகட்டின் மூலையில் தூசியோடு கிடந்தது.

பின் ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். கழன்ற பக்கம் வேலை செய்யாதபோது மற்றப் பக்கம் இரட்டைச் சுமையைத் தாங்கியிருக்கும் என்பதால் இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே சரி என்றார். பழையதைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். நல்ல ஷாக் அப்சார்பர் இழுக்கும்போது முரண்டு பிடிக்க வேண்டும், இது வெறும் குழாய்க்குள் குச்சி போவதுபோல் எளிதாக வந்தது. உதிரி பாகங்களுக்கும் வேலைக்கும் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார். பிறகு ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்து, லாக் நட்டுகளை ஸ்பேனரால் இறுக்கி, மெஷினை நான்கு அங்குலம் நகர்த்தி வைத்தார். பழைய இடத்தில் ஒரு டைல்ஸ் தட்டினால் ‘பொள் பொள்’ என்று ஒலித்தது. அடியில் கலவை பரவாத டைல்ஸின் மேல் ஒரு கால் நின்றால் எத்தனை மட்டம் பார்த்தாலும் பயனில்லை. அன்றிலிருந்து இடிக்கும் சத்தம் இல்லை. கம்பெனியின் சேவைக்கு நான் மூன்று நட்சத்திரத்தைக் குறைத்ததில் ஒன்று இந்தப் பரிசோதனைக்குரியது: கருவி எதுவும் தேவைப்படாத, ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காத வேலை அது.

இனி நாற்றம். இதில் உள்ளூர் மெக்கானிக்குக்கும் முழு மதிப்பெண் தர மாட்டேன். வாடையைப் பற்றிக் கேட்டபோது அவரும் கதவைத் திறந்து வையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். வாடைகள் இரண்டு வகை என்பதைப் பிரித்தறியாமல் எந்த மருந்தும் பலிக்காது. மெஷின் ஓடாமல் இரவெல்லாம் மூடியிருந்து காலையில் திறக்கும்போது குப்பென்று அடிக்கும் சாக்கடை வாடை, வெளியிலிருந்து குழாய் வழியாக உள்ளே ஏறி வருவது. துணியில் தங்கும் புழுங்கல் வாடை, மெஷினுக்குள்ளேயே வளரும் அழுக்குப் படலத்திலிருந்து வருவது. பிரித்தறிய எளிய வழி உண்டு. மெஷினின் கழிவுநீர்க் குழாயைச் சுவர்க் குழாயிலிருந்து உருவி, ஒரு வாளியில் தொங்கவிட்டு, சுவர்க் குழாயின் வாயை ஒரு பாலிதீன் பையால் கட்டிவிட்டு, இரவு முழுவதும் அப்படியே விட வேண்டும். காலையில் டிரம்மில் சாக்கடை வாடை இல்லையென்றால் குற்றவாளி மெஷின் அன்று, கட்டடத்தின் பிளம்பிங்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. முந்தைய குடித்தனக்காரர் காலத்திலோ அதற்கு முன்போ யாரோ ஒரு பிளம்பர் யூட்டிலிட்டிச் சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு பி.வி.சி. குழாயை வைத்து, அதை நேராகக் கீழிறங்கும் கழிவுநீர்க் குழாயோடு சேர்த்திருக்கிறார். நடுவில் தண்ணீர் தேங்கி வாடையைத் தடுக்கும் டிராப் எதுவும் இல்லை. சேவைக்கு வந்த இளைஞர் மெஷின் குழாயை அதற்குள் ஓரடி ஆழத்துக்குச் செருகி, சுற்றிலும் எம்-சீல் என்ற அடைப்புப் பசையை வைத்து அடைத்துவிட்டார். கசிவு இருக்காது என்று பெருமையாகச் சொன்னார்; கசிவு இல்லைதான், காற்றுப்போக்கும் இல்லை. அதனால் இரண்டு கேடுகள் விளைந்தன. ஒன்று, சாக்கடையின் வாடைக்கு மெஷினின் டிரம்மைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் போனது. மற்றது, குழாயின் வாய் தாழ்ந்தும் அடைபட்டும் இருந்ததால், மெஷின் தண்ணீர் பிடிக்கப் பிடிக்கவே அது தானாக உறிஞ்சப்பட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. அலசும் நேரத்தில் டிரம்மில் போதிய தண்ணீர் நிற்காததால் சோப்பு துணியிலேயே தங்கிவிட்டது; கறுப்புத் துணிகளில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்ததன் காரணம் அதுதான்.

கழிவுநீர்க் குழாயின் மேல்வளைவு தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது முன்கதவு மெஷின்களின் கையேடுகளில் பொதுவாகக் காணப்படும் விதி. கம்பெனிக்குக் கம்பெனி இந்த அளவு சற்று மாறும். குழாய் தரையில் உள்ள நஹானி டிராப்பில், அதாவது தரைக் கழிவுநீர்த் துளையின் அடியில் உள்ள டிராப்பில்தான் விழ வேண்டும் என்றாலும், மெஷினின் முதுகில் இருக்கும் கிளிப்பில் அதை முதலில் உயர்த்தி மாட்டிப் பிறகு கீழே இறக்கினால் போதும். எங்கள் வீட்டில் பிளம்பரை வைத்து எம்-சீலைச் சுரண்டி எடுத்து, சுவர்க் குழாயை மூடிபோட்டு அடைத்துவிட்டு, மெஷின் குழாயை நஹானி டிராப்பின் ஜாலிக்கு மேலே காற்று இடைவெளி விட்டு விழச் செய்தோம். சாக்கடை வாடை அன்றே நின்றது. இந்த டிராப்புக்கும் ஒரு பராமரிப்பு உண்டு: ஊருக்குப் போய்விட்டு வெகுநாள் கழித்துத் திரும்பினால் அதில் தேங்கியிருந்த தண்ணீர் வற்றிப்போய் வாடை மேலே வரும், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும்.

புழுங்கல் வாடையின் மூலம் வேறு. மெஷினை வண்டியில் ஏற்றுவதற்கு முன் அடியில் உள்ள ஃபில்டர் வழியாக மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் பம்ப்பிலும் குழாயிலும் தங்கிய ஒன்றிரண்டு லிட்டர் சோப்புத் தண்ணீர், லாரியிலும் புது வீட்டின் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவிலும் கிடந்து அழுகிப்போகும். பேக்கர்ஸ் ஆட்கள் மெஷினைச் சாய்த்து வாசல் குழாயில் வடித்தார்கள். சாய்த்தால் வருவது பாதிதான். நான் ஃபில்டரின் சிறு கதவைத் திறந்து, அடியில் ஒரு தட்டு வைத்து, மூடியைத் திருகியபோது கறுத்த நீர் வழிந்தது. ஃபில்டரில் தலைமுடிச் சுருளும் ஒரு சட்டைப் பொத்தானும் வழவழப்பான சாம்பல் நிறச் சளிபோன்ற பொருளும் அப்பியிருந்தன. கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தால் அதே சாம்பல் படலம், அதன் மேல் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை. டிடர்ஜென்ட் டிராயரை முழுவதுமாக உருவி எடுத்து, அது இருந்த பொந்தின் மேல்கூரையைத் தடவிப் பார்த்தால் அங்கும் அதுவே. துணி மென்மையாக்கும் திரவமும், கரையாத சோப்பும், உடம்பு எண்ணெயும் சேர்ந்து படிந்த இந்தப் படலத்தில்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. எப்போதும் குளிர்ந்த நீரிலேயே துவைத்து, கதவை இறுக மூடிவைக்கும் வீடுகளில் இது வேகமாகச் சேரும்.

கம்பெனி சேவையாளர் கொடுத்த பவுடர் பாக்கெட்டின் மீது எனக்கு உள்ள குறை இங்கேதான் இருக்கிறது. அது உப்புப் படிவை நீக்கும் பவுடர். உறையின் பின்புறத்தில் முதன்மைப் பொருளாகச் சிட்ரிக் அமிலம் என்றே அச்சிட்டிருந்தது. சூடேற்றும் கம்பியில் படியும் சுண்ணாம்பை அது நன்றாகவே கரைக்கும். மேடவாக்கத்துப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும்தான் பெரும்பாலான அடுக்ககங்களுக்குக் கதி என்பதால், அதற்கான தேவை திருச்சியைவிட இங்கே அதிகம்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாதபோது அதிகபட்சமாக 600 மில்லிகிராமையும் குறிப்பிடுகிறது. எங்கள் குடியிருப்போர் சங்கம் எடுத்துவைத்திருந்த பரிசோதனை அறிக்கையில் இந்த மேல்வரம்பை ஒட்டிய எண்தான் இருந்தது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் பூஞ்சையும் கலந்த படலத்தை அந்தப் பவுடர் பெரிதாக அசைப்பதில்லை. வாடைக்கு மருந்து என்று சொல்லி விற்கப்பட்ட பாக்கெட், வாடையின் காரணத்தைத் தொடவே இல்லை. அதோடு, ஒரு பாக்கெட்டுக்கு 200 ரூபாய் வாங்கினார்கள். சிட்ரிக் அமிலத்தைத் தனியாகவே வாங்கினால் அதில் ஒரு பகுதிதான் செலவாகும்.

படலத்துக்கு உரிய வைத்தியம் சூடும் ஆக்சிஜன் பிளீச்சும். ரப்பர் மடிப்பையும் டிராயர் பொந்தையும் பழைய பல்துலக்கியாலும் சோப்புத் தண்ணீராலும் தேய்த்துத் துடைத்த பிறகு, டிரம்மில் துணி எதுவும் இல்லாமல் சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் பிளீச் உள்ள பவுடரைப் போட்டு, மெஷினில் தொட்டியைக் கழுவும் ‘டப் கிளீன்’ ஓட்டம் இருந்தால் அதிலும், இல்லையென்றால் 60 டிகிரிக்குக் குறையாத நீண்ட ஓட்டத்திலும் விட வேண்டும். முதல் ஓட்டத்தில் சாம்பல் செதில்கள் கழன்று வந்து கதவுக் கண்ணாடியில் ஒட்டின; மறுபடி ஓட்டிய பிறகே தெளிந்தது. உப்புக்கான அமிலத்தை வேறொரு நாளில் தனியாகத்தான் போட வேண்டும். முக்கியமாக, பிளீச்சிங் பவுடரையோ குளோரின் திரவத்தையோ சிட்ரிக் அமிலம், வினிகர் போன்றவற்றோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் எழுவது நச்சுக் குளோரின் வாயு, அதுவும் ஜன்னல் இல்லாத யூட்டிலிட்டியில்.

தண்ணீர் நுழையும் குழாயில் மாட்டும் ‘ஹார்ட் வாட்டர் ஃபில்டர்’ ஒன்றையும் 1,200 ரூபாய்க்கு வாங்கச் சொன்னார்கள். சந்தையில் கிடைக்கும் அத்தகைய சிறு குடுவைகளில் பெரும்பாலானவற்றுக்குள் பாலிபாஸ்பேட் உருண்டைகள்தாம் இருக்கும். அவை நீரின் கடினத்தன்மையைக் குறைப்பதில்லை. உப்பு கம்பியில் கெட்டியாக ஒட்டிக்கொள்வதைத் தள்ளிப்போடும். உருண்டைகள் கரைந்து தீர்ந்ததும் நிரப்ப வேண்டும், அந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உண்மையில் கடினத்தன்மையை நீக்குவது ரெசின் நிரப்பி, அவ்வப்போது சமையல் உப்புக் கரைசலால் புதுப்பிக்கும் சாஃப்ட்னர்தான். அது ஒரு வீட்டுக்கோ அடுக்ககத்துக்கோ வைக்க வேண்டிய பெரிய ஏற்பாடு. நான் எதையும் வாங்கவில்லை. மெஷினின் தண்ணீர் வாயில் இருக்கும் சிறு வலையைக் கழற்றி மணலைத் தட்டிக் கழுவியதே போதுமானதாக இருந்தது. டிடர்ஜென்ட்டைப் பொறுத்தவரை, கையால் துவைப்பதற்கான பவுடரை இதில் போடவே கூடாது. பொங்கும் நுரை ஸ்பின்னையும் அலசலையும் ஒருசேரக் கெடுக்கும்.

புகார் செய்தேனா என்று கேட்பீர்கள். ஷாக் அப்சார்பர் கழன்று கிடந்த படத்தையும் எம்-சீல் வைத்த குழாயின் படத்தையும் இணைத்துக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் பதிலில் தரை சமமில்லை என்ற அதே வாக்கியம் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கப்போவதாக எழுதியபின் மேலாளர் ஒருவர் பேசினார். ரீ-இன்ஸ்டலேஷன் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள், மெக்கானிக்குக்கும் பிளம்பருக்கும் ஆன செலவை ஏற்கவில்லை. போல்ட் இல்லாமல் பயணம் செய்த மெஷினின் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பாக முடியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் போல்ட்டை எடுத்துச் சென்றது அவர்களுடைய ஆள்தானே என்ற என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

உத்தரவாதக் காலம் முடியாத மெஷின் வைத்திருப்பவர்கள் வெளி ஆளைத் திறக்கவிட்டால் உத்தரவாதம் பறிபோகலாம் என்பதால் கம்பெனி சேவையைத்தான் எடுத்தாக வேண்டும். அப்படி எடுக்கும்போது, பதிவு செய்யும் அழைப்பிலேயே, வருகிறவர் ரசமட்டமும் ஸ்பேனரும் கொண்டுவர வேண்டும், உள்ளே திறந்து பார்க்க வேண்டும், துணி போட்டு முழு ஸ்பின்னையும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லி, அதைப் புகார் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் முடிந்தவர்களுக்கு 700 ரூபாய் இதற்குத் தண்டம். எங்கள் மெஷின் இப்போது பருத்திப் போர்வைகளோடு 1,200 சுற்றில் ஓடும்போது லேசான உறுமல் மட்டும் கேட்கிறது. போர்வை போடும் நாளில் வேகத்தை 1,000-க்குக் குறைத்து வைக்கிறேன். டிரான்சிட் போல்ட்டுகளை 350 ரூபாய் கொடுத்து உதிரி பாகமாக வரவழைத்து, ஒரு துணிப்பையில் போட்டு, மெஷினின் முதுகிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.